பாமாயில் மரம் கொஞ்ச நிலத்துல நெறைய எண்ணெய் தருதுன்னா, அப்புறம் காடு ஏன் அழியுது?

கொள்ளிடக்கரை

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கற கேள்வி, இங்க விவரம் தெரிஞ்சவங்க இருக்கீங்கன்னு நம்பி போடுறேன். கொஞ்சம் நீளம், மன்னிக்கணும்.

எங்களுக்கு கொள்ளிடம் பக்கம் நாலு ஏக்கர் இருக்கு. அப்பா காலத்துல நெல்லும் வாழையும். இப்ப வாழைக்கு ஆள் கூலி கட்டுப்படியாகல, ஒரு காத்து அடிச்சா தாரோட சாஞ்சிடுது, போன ரெண்டு வருஷமா கைக்காசுதான் போச்சு. எண்ணெய்ப்பனை, அதான் பாமாயில் மரம், போடச் சொல்றாங்க. கன்னுக்கு மானியம் உண்டு, காய்ப்புக்கு வர்ற வரைக்கும் பராமரிப்புக்கும் உதவி உண்டு, குலைய கம்பெனிக்காரங்களே எடுத்துக்குவாங்களாம். எனக்கும் ஆசைதான்.

ஆனா வீட்ல ஒரு சங்கடம். என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. பள்ளிக்கூடத்துக்கு ஒரு சார்ட் பண்ணினா, ஓராங்குட்டான் (இந்தோனேசியா, மலேசியா காட்டுல இருக்கற மனிதக்குரங்கு) குட்டி படம் ஒட்டி கீழ "பாமாயில் வாங்காதீர்கள், காட்டை அழிக்காதீர்கள்"னு எழுதியிருந்தா. நான் கன்னு விஷயமா போன்ல பேசினதை கேட்டுட்டு "அப்பா நாம அதையா போடப்போறோம்"னு கேட்டா. எனக்கு பதில் சொல்ல வரல.

விளக்கம் சொல்ல வந்த சார்கிட்ட இதையே கேட்டேன். அவர் சொன்னது இது. எண்ணெய்ப்பனை ஒரு ஹெக்டேருக்கு சுமாரா மூணு டன் எண்ணெய் தரும், சோயாவுல அரை டன் கூட தேறாது. அப்போ அதே எண்ணெய்க்கு ஆறுல ஒரு பங்கு நிலம் போதும், அதனால இது காட்டைக் காப்பாத்துற பயிர். நம்ம நாட்டுலயே போட்டா வெளிநாட்டுல காடு வெட்டவும் தேவையில்ல. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அது உண்மைன்னா இந்தோனேசியா மலேசியாவுல காடு போனது எப்படி? நல்ல விதை, நல்ல உரம், நல்ல விளைச்சல் வந்தா காட்டுக்கு நல்லதா கெட்டதா? யாராவது எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

மண்டிக்கடை_விருதுநகர்

அண்ணே, காட்டைப் பத்தி நான் படிச்சவன் இல்ல, ஆனா எண்ணெய் பத்தி சொல்ல முடியும், மூணு தலைமுறையா இதுதான் பொழப்பு.

எங்க தாத்தா காலத்துல கடலையெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், அவ்வளவுதான். பாமாயில்னா ரேஷன்ல வர்றதுதான், அரசாங்கமே எறக்குமதி பண்ணும். 1994ல யார் வேணா எறக்குமதி பண்ணலாம்னு தொறந்து விட்டாங்க, அதுக்கப்புறம் சந்தையே தலைகீழா மாறிடுச்சு. இன்னைக்கு இந்தியா சாப்பிடற எண்ணெய்ல பாதிக்கு மேல வெளிநாட்டு சரக்கு, அதுலயும் பாமாயில்தான் முதலிடம். ஓட்டல், பேக்கரி, மிக்சர் கம்பெனி, கல்யாண சமையல், எல்லா எடத்துலயும் அதுதான். ரேஷன்ல 25 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் கிடைக்குதே, அது இல்லாத வீடு நம்ம ஊர்ல குறைவு. ஏழைபாழைக்கு அது பெரிய உதவி, அதை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

ஆனா நீங்க கேட்ட கேள்விக்கு என் அனுபவத்துல ஒண்ணு சொல்றேன். எண்ணெய் விலை குறைஞ்சா வாங்கற அளவு அப்படியே நிக்காது. முறுக்கு போடறவர் கூட ரெண்டு அடுப்பு போடுவார், சூரியகாந்தி வாங்கறவர் இதுக்கு மாறுவார், சோப்பு கம்பெனிக்காரன் கொழுப்பை விட்டுட்டு இதை வாங்குவான். 2022 ஏப்ரல் கடைசியில இந்தோனேசியா ஏற்றுமதிய நிறுத்தினாங்க, மே 23 வரைக்கும் சரக்கு இல்ல. அந்த மூணு வாரம் டின் விலை ஏறின ஏத்தத்துல என் வாடிக்கையாளர் பாதி பேர் வேற எண்ணெய்க்குப் போனாங்க, விலை எறங்கினதும் ஒருத்தர் விடாம திரும்பி வந்துட்டாங்க. விலை எங்க கம்மியோ அங்க ஓடற சரக்கு இது. "இவ்வளவு எண்ணெய் போதும், அதுக்கு மேல வேணாம்"னு சொல்ற சந்தைய நான் இதுவரைக்கும் பாத்தது கிடையாது. அந்த சார் போட்ட கணக்குல இது விட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன்.

பேராக்_தோட்டத்து_மகன்

நான் மலேசியா, பேராக் மாநிலம். இந்தக் கேள்விய பாத்துட்டு கடந்து போக முடியல. எங்க குடும்பத்தோட கதையே இதுதான்.

தாத்தா பால்மரத் தோட்டத்துக்கு (ரப்பர் தோட்டம்) வந்தவரு, வாழ்நாள் பூரா பால்வெட்டு. அப்பா காலத்துல அதே தோட்டத்துல பால்மரத்த வெட்டிட்டு செம்பனை நட்டாங்க (நாங்க இங்க எண்ணெய்ப்பனைய செம்பனைன்னுதான் சொல்லுவோம்). செம்பனை எங்க ஊரு மரமே இல்ல, ஆப்பிரிக்கா மரம். இங்க வியாபாரத்துக்குன்னு மொதல்ல நட்டது 1917ல, சிலாங்கூர்ல தென்னமரம் எஸ்டேட்டுன்னு சொல்லுவாங்க. ஆனா ரொம்ப வருஷம் அது ஓரமாத்தான் கிடந்துச்சு, ரப்பர்தான் ராஜா. செயற்கை ரப்பர் வந்து விலை படுத்ததுக்கு அப்புறம்தான் 1960கள்ல எல்லாரும் செம்பனைக்கு மாறினாங்க. அதனால ஒண்ண மொதல்ல சொல்லிடறேன், மலாய் தீபகற்பத்துல நிறைய செம்பனை பழைய பால்மரத் தோட்டத்துலதான் வந்துச்சு, எல்லாமே காடு வெட்டி வந்தது இல்ல. அதே சமயம் 1956ல ஆரம்பிச்ச பெல்டா திட்டத்துல நிலம் இல்லாதவங்களுக்கு நிலம் குடுக்கறோம்னு பகாங்ல ஜெங்கா பக்கமெல்லாம் பெருங்காட்ட வெட்டித்தான் குடியேத்துனாங்க. ரெண்டும் நடந்துச்சு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன், விளைச்சல் கூடினா காடு தப்புமான்னு. அம்மா சின்ன வயசுல செஞ்ச வேலை என்ன தெரியுமா, செம்பனைப் பூவுக்கு மகரந்தத் தூள் அடிக்கறது. ஆப்பிரிக்காவுல இந்த வேலைய ஒரு சின்ன வண்டு செய்யும், எங்க ஊர்ல அந்த வண்டு கிடையாது, அதனால தோட்டத்துப் பொம்பளைங்க மரம் மரமா போயி ஆண் பூத் தூள பெண் பூ மேல அடிக்கணும், கையெல்லாம் முள்ளு கிழிச்ச தழும்பு இன்னிக்கும் இருக்கு. 1981ல கேமரூன்ல இருந்து அந்த வண்ட கொண்டுவந்து விட்டாங்க. கொஞ்ச காலத்துலயே நாடு பூரா பரவிடுச்சு. குலையில காய் பிடிக்கறது கூடிடுச்சு, பூத்தூள் அடிக்கற கூலி மிச்சம். அம்மாவுக்கு அந்த வேலை போச்சு, களை புடுங்கப் போனாங்க.

அந்த சார் சொன்ன கணக்குப்படி என்ன நடந்திருக்கணும்? காய் கூடிடுச்சு, இனிமே புது நிலம் வேணாம்னு நின்னிருக்கணும். நடந்தது வேற. செலவு குறைஞ்சு லாபம் கூடின ஒடனே போர்னியோ தீவுல இருக்கற எங்க மாநிலங்க சபா சரவாக் பக்கம் புதுசு புதுசா தோட்டம் தொறந்தாங்க. அங்க நிலமும் ஆளும் விலை ஏற ஆரம்பிச்சதும் எங்க ஊரு கம்பெனிங்களே கடல் தாண்டி இந்தோனேசியாவோட சுமத்ரா, களிமந்தான் போயிட்டாங்க. 1980ல ஒலகம் பூரா 40 லட்சம் ஹெக்டேர்ல இருந்த செம்பனை 2018ல 190 லட்சம் ஹெக்டேர். எண்ணெய் 1970ல 20 லட்சம் டன், 2018ல ஏழு கோடி டன்னுக்கு மேல. சபாவுல கினாபாத்தாங்கான் ஆத்தோரம் ஒரு தடவ படகுல போயிருக்கேன். ஆத்தங்கரையில கொஞ்சம் காடு, யானை, நீள மூக்கு குரங்கு எல்லாம் பாக்கலாம், ஆனா அந்தக் காட்டுக்குப் பின்னால கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் செம்பனை வரிசை. மிருகங்க அந்தக் கரையோரமே நெருக்கிட்டு வாழுது.

இன்னொண்ணு வெளியில இருக்கறவங்களுக்குத் தெரியாது. அறுத்த குலைய ஒரு நாளுக்குள்ள மில்லுல போட்டு வேக வைக்கணும், இல்லன்னா புளிச்சு எண்ணெய் கெட்டுடும். நெல்லு மாதிரி மூட்டை கட்டி வெச்சு விலை வரும்போது விக்க முடியாது. அதனால மொதல்ல மில்லு வரும், மில்லுக்கு ரோடு வரும், மில்லு ஓடணும்னா சுத்தி ஆயிரக்கணக்கான ஹெக்டேர் வேணும். ரோடு வந்த காட்டுல அப்புறம் யாரு வேணாலும் நுழையலாம். மரத்தால போன காடு ஒரு பக்கம், அந்த மில்லு ரோட்டால போன காடு இன்னொரு பக்கம்.

2015ல புகைமூட்டம் வந்தப்போ பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகல, பக்கத்து வீடு தெரியல. அந்த வருஷம் இந்தோனேசியாவுல எரிஞ்சது 26 லட்சம் ஹெக்டேர், கரிநிலம் (இலை தழை மக்கி அடுக்கடுக்கா சேர்ந்த சதுப்பு மண்ணு) உள்ளுக்குள்ளயே மாசக்கணக்கா புகைஞ்சுச்சு. என் ரெண்டாவது பையனுக்கு அப்ப ஆறு மாசம், மூச்சுத் திணறல்ல ஆஸ்பத்திரியில நாலு நாள் வெச்சிருந்தோம். உங்க மகள் சார்ட்டுல எழுதினது பொய் இல்ல அண்ணன்.

வேளாண்_பொருளியல்

நல்ல கேள்வி கொள்ளிடக்கரை சார். நான் கோவையில வேளாண் பொருளாதாரம் படிச்சு இப்ப அதே வேலையில இருக்கேன், எங்க துறையில இது பழைய வழக்கு, ரெண்டு கட்சி உண்டு.

ஒரு கட்சி நார்மன் போர்லாக் சொன்னது. 1970ல அமைதி நோபல் வாங்கினவர், குட்டை ரக கோதுமை கொண்டு வந்தவர். இருக்கற நிலத்துல அதிகம் விளைய வெச்சா புது நிலம் தேவைப்படாது, காடு தப்பும்ங்கறது அவர் வாதம். இதுல உண்மை இருக்கு. 1965 வாக்குல நம்ம நாட்டுல கோதுமை ஹெக்டேருக்கு ஒரு டன்னுக்கும் கீழ. இப்ப மூணரை டன். மொத்த கோதுமை 11 கோடி டன். பழைய விளைச்சல்லயே இருந்திருந்தா இவ்வளவு கோதுமைக்கு 12 கோடி ஹெக்டேர் வேணும், நாட்டோட மொத்த சாகுபடி நிலமே 14 கோடி ஹெக்டேர்தான். அப்ப நெல்லுக்கும் பருப்புக்கும் எங்க போறது? கோதுமை பரப்பும் ரெண்டு மடங்குக்கு மேல ஆச்சுதான், இல்லன்னு சொல்லல, ஆனா பஞ்சாப் ஹரியானாவுல அது பெரும்பாலும் வேற பயிர் போட்ட வயல்ல வந்துச்சு.

எதிர்க்கட்சி 1865லயே ஆரம்பிச்சது. ஜெவான்ஸ்னு ஒரு இங்கிலாந்துக்காரர் நிலக்கரியப் பாத்து சொன்னார், நீராவி எஞ்சின் கரிய சிக்கனமா எரிக்க எரிக்க நாட்டுல கரிச் செலவு கூடத்தான் செய்யுது, ஏன்னா எஞ்சின் ஓட்டறது லாபமாயிடுது, புதுசா நூறு பேர் எஞ்சின் வாங்கறாங்க. மலேசிய நண்பர் சொன்ன வண்டு கதை அச்சு அசல் இதேதான்.

ரெண்டுல எது நடக்கும்ங்கறத விதை தீர்மானிக்கறதில்ல. சரக்கு எங்க போகுது, காட்டுக்கு காவல் இருக்கா, இந்த ரெண்டும்தான். கோதுமைய ஊர்லயே தின்னு தீக்கறோம், விலை பாதியானாலும் ஒருத்தர் ரெண்டு மடங்கு சப்பாத்தி சாப்பிட முடியாது. விளைச்சல் கூடினா விலை எறங்கும், மோசமான நிலத்துல கஷ்டப்பட்டு போட்டவங்க விட்டுடுவாங்க. ஆனா பாமாயில், சோயா மாதிரி கப்பல் ஏறற சரக்குல ஒரு நாட்டு விளைச்சல் கூடினா ஒலக விலை லேசாத்தான் அசையும், அந்த நாட்டு விவசாயி லாபம் மட்டும் நல்லா ஏறும். மண்டிக்கடை அண்ணன் சொன்ன மாதிரி வாங்க ஆள் இருந்துட்டே இருக்கு. அப்ப பக்கத்துல காடு சும்மா கெடந்தா அது லாபக் கணக்குல வெறும் நிலமாத் தெரியும்.

பிரேசில் சோயாவ பாருங்க, இதைவிட தெளிவான உதாரணம் எனக்குத் தெரியல. சோயா குளிர் பிரதேசத்துப் பயிர், நிலநடுக்கோட்டுப் பக்கம் கொண்டு போனா பகல் நீளம் ஒத்துக்காம முழங்கால் ஒயரத்துலயே பூத்துடும். செராடோன்னு ஒரு பெரிய புல்வெளிக் காடு அங்க இருக்கு, 20 லட்சம் சதுர கிலோமீட்டர், நம்ம தமிழ்நாடு பதினஞ்சு அடங்கும். மண்ணு பூரா புளிப்பு, அலுமினியம், ஒண்ணும் வெளையாதுன்னு விட்டு வெச்சிருந்தாங்க. 1973ல எம்பிராப்பான்னு அரசு ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பிச்சாங்க. டன் டன்னா சுண்ணாம்பு போட்டு புளிப்ப முறிச்சாங்க, வெப்பத்துக்குத் தாங்கற ரகம் எடுத்தாங்க, யோகன்னா டோபரைனர்ங்கற அம்மாவோட ஆராய்ச்சியால வேர்முடிச்சு பாக்டீரியாவ வெச்சே தழைச்சத்து கிடைச்சுது, யூரியா செலவே இல்ல. விஞ்ஞானமா பாத்தா கையெடுத்துக் கும்பிடணும், இதுக்காக 2006ல உலக உணவுப் பரிசே குடுத்தாங்க. அதே 1973ல அமெரிக்கா கொஞ்ச நாள் சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டுச்சு, ஜப்பான் பயந்து போயி, இனி ஒரே நாட்ட நம்பக்கூடாதுன்னு செராடோவுல பணம் போட்டாங்க. 2001ல சீனா உலக வர்த்தக அமைப்புல சேர்ந்துச்சு, பன்னிக்கும் கோழிக்கும் தீவனமா இப்ப வருஷத்துக்கு 10 கோடி டன் கிட்ட சோயா எறக்குது. 2018ல அமெரிக்க சோயாவுக்கு சீனா 25 சதவீதம் வரி போட்டப்ப அந்த ஆர்டர் அப்படியே பிரேசில் பக்கம் திரும்பிடுச்சு. வரி போட்டது பீஜிங்ல, அதுக்கு நிலம் தேடினது செராடோவுல. அந்த செராடோவுல இன்னைக்கு பாதி கிட்ட இல்ல.

அமேசான்ல இன்னும் ஒரு சுத்து உண்டு. அங்க காட்ட நேரா அழிக்கறது பெரும்பாலும் மாட்டு மேய்ச்சல்தான். ஆனா மேய்ச்சல் நிலத்த சோயாக்காரர் நல்ல விலைக்கு வாங்கினா, மாட்டுக்காரர் அந்தப் பணத்தோட இன்னும் உள்ள போயி மலிவா காட்ட பிடிப்பார். சோயாவோட கையில கோடாலி இருக்காது, பணம் மட்டும் போகும்.

மனசு விட்டுடாதீங்க, இதுக்கு மறுபக்கமும் அதே பிரேசில்லதான் நடந்துச்சு. 2004ல அமேசான்ல ஒரே வருஷத்துல 27,772 சதுர கிலோமீட்டர் காடு போச்சு. 2012ல அது 4,571. சோயா விளைச்சலோ பரப்போ கொறையல, கூடத்தான் செஞ்சுச்சு. செயற்கைக்கோள் வெச்சு எங்க வெட்டறாங்கன்னு ஒடனுக்குடன் பாத்து ஆள் அனுப்பினாங்க. 2006ல சோயா வாங்கற பெரிய கம்பெனிங்க, புதுசா காடு வெட்டின நிலத்து சோயாவ வாங்க மாட்டோம்னு ஒப்பந்தம் போட்டாங்க. 2008லேர்ந்து ஆவணம் சரியில்லாத நிலத்துக்கு வங்கி விவசாயக் கடன் கிடையாதுன்னாங்க. அந்த கம்பெனி ஒப்பந்தத்துக்கு முன்னாடி அமேசான்ல புதுசா வந்த சோயா வயல்ல நூத்துக்கு முப்பது காடு வெட்டின எடம், 2014க்குள்ள அது நூத்துக்கு ஒண்ணு. காவல் தளர்ந்தப்ப திரும்ப ஏறுச்சு, 2021ல 13,000 தாண்டிச்சு, மறுபடி புடிச்சாங்க, எறங்குச்சு. ஆனா அந்த ஒப்பந்தம் அமேசானுக்கு மட்டும்தான், செராடோவுக்கு இல்ல, அதனால அங்க வெட்டறது தொடர்ந்துச்சு. இதை நினைச்சா எனக்கு இன்னமும் ஆத்திரம் வரும். அது உயரமான காடு இல்ல, போட்டோவுல அழகா விழாது, அதனால பேச ஆள் கம்மி.

கொள்ளிடக்கரை

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், பேராக் அண்ணன் எழுதினத பொண்ணுக்கு படிச்சுக் காட்டினேன், அந்த வண்டு கதைய ரெண்டு தடவ கேட்டா. பொருளியல் சார், நேராவே கேக்கறேன். நான் என் நாலு ஏக்கர்ல போட்டா அங்க ஏதாவது ஒரு மரம் தப்புமா தப்பாதா? எங்க நிலம் காடு இல்லியே, பாட்டன் காலத்துலேர்ந்து உழுத நிலம்.

வேளாண்_பொருளியல்

நேராவே சொல்றேன் சார். உங்க நாலு ஏக்கர்ல நல்லா வந்தா வருஷத்துக்கு நாலு அஞ்சு டன் எண்ணெய். நாம எறக்கற பாமாயில் வருஷத்துக்கு 80, 90 லட்சம் டன். சரி, நாடு முழுக்க போட்டு எறக்குமதி நல்லா குறைஞ்சுதுன்னே வெச்சுக்குவோம், அந்த எண்ணெய் வேற ஒருத்தர்கிட்ட போகும். இந்தோனேசியா 2025லயே டீசல்ல 40 சதவீதம் பாமாயில் கலக்கணும்னு சட்டம் வெச்சுது, மிச்சமாகற சரக்க வண்டி குடிச்சிடும். அதனால நீங்க போட்டா அங்க காடு தப்பும்னு நான் சொன்னா அது பொய்.

அதே மாதிரி நீங்க போடறதால காடு அழியும்னு சொன்னாலும் தப்பு. உழுத வயல்ல போடறீங்க. பொண்ணுகிட்ட தைரியமா சொல்லலாம்.

நீங்க கவலைப்பட வேண்டியது தண்ணி. வெயில் காலத்துல வளர்ந்த மரம் ஒண்ணுக்கு நாளைக்கு 200 லிட்டர் கிட்ட வேணும், ஏக்கருக்கு 57 மரம், ஏக்கருக்கே நாளைக்கு பதினோராயிரம் லிட்டருக்கு மேல. இருபத்தஞ்சு வருஷத்துப் பயிர், தண்ணி பத்தலன்னா வாழை மாதிரி அடுத்த பட்டத்துக்கு மாத்த முடியாது.

இன்னொண்ணு சொல்ல விட்டுப்போச்சு. பிலிப்பைன்ஸ்ல பலவான் தீவுல நடந்தது. கீழ சமவெளியில பாசனம் வந்து ரெண்டு போகம் நெல் வெச்சாங்க, நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் தேவைப்பட்டுச்சு, மேல மலையில காடு வெட்டி சோளம் போட்டுட்டு இருந்த குடும்பங்க கீழ கூலிக்கு வந்துட்டாங்க, மேல வெட்டறது கொறைஞ்சுது. ஆள் நெறைய வேணும்ங்கற முன்னேற்றம் காட்டுக்கு நல்லது பண்ணுச்சு. ஆள் வேணாம்ங்கற முன்னேற்றம், டிராக்டர், களைக்கொல்லி, அந்த மாதிரி, ஒரே ஆள் ஆயிரம் ஏக்கர் வெட்ட வழி பண்ணிடும்.

மழைக்காட்டுப்_பறவை

இதுல நம்ம நாட்டு காட்டைப் பத்தி யாருமே பேசலியே, அதனால எழுதறேன். 2021 ஆகஸ்ட்ல மத்திய அரசு 11,040 கோடி ரூபாய்ல எண்ணெய்ப்பனைத் திட்டம் அறிவிச்சப்ப குறி வெச்சது ஆந்திரா தெலங்கானா வயல மட்டும் இல்ல, வடகிழக்கையும் அந்தமானையும் தனியா பேர் சொல்லியே வெச்சாங்க. மிசோரம்ல ஏற்கெனவே வருஷக்கணக்கா போடறாங்க. அங்க ஜனங்க ஜூம் பண்ணுவாங்க, கொஞ்சம் காட்ட வெட்டி எரிச்சு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் பயிர் வெச்சுட்டு அப்படியே விட்டுட்டு வேற எடம் போவாங்க, விட்ட எடத்துல மூங்கிலும் மரமும் திரும்ப வந்துடும். கேக்கறவங்களுக்கு காடழிப்பு மாதிரி தெரியும், அதனால "ஜூமை நிறுத்தி எண்ணெய்ப்பனைக்கு மாத்தறோம், இது முன்னேற்றம்"னு சொல்றாங்க. நம்ம வால்பாறையில வேலை செய்யற ஆய்வாளர் டி.ஆர். சங்கர் ராமனும் கூட ஒருத்தரும் டம்பா புலிகள் காப்பகம் பக்கம் பறவை எண்ணி 2016ல எழுதினாங்க. ஜூம் விட்டு வளர்ந்த எடத்துல காட்டுப் பறவை நல்லா இருக்கு, எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல ரொம்ப ரொம்ப கம்மி.

அந்தமான்லயும் புதுசு இல்ல. லிட்டில் அந்தமான்ல மழைக்காட்ட வெட்டி 1970கள்லயே எண்ணெய்ப்பனை வெக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் 2002ல உச்ச நீதிமன்றம் வெளியூர் மரத் தோட்டத்த நிறுத்தச் சொல்லுச்சு. ஓங்கேங்கற பழங்குடி ஜனங்க, மொத்தமே நூத்துச் சொச்சம் பேர், அவங்க வாழற தீவு அது.

கொள்ளிடக்கரை அண்ணா, உங்க வயல்ல போடறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா "ஒரே ஹெக்டேர்ல நெறைய எண்ணெய், காட்டுக்கு நல்லது"ங்கற அதே வசனத்த மலைக்கு மேல போயும் சொல்றாங்க, அதை மட்டும் யாரும் நம்பிடக்கூடாது.

மலையகம்_சிவா

நான் இலங்கை. எங்க பக்கம் இதுக்கு முள்ளுத்தேங்காய்னு பேர். காலி மாவட்டத்துல நாக்கியாதெனிய தோட்டத்துல 1968ல மொதல்ல போட்டது. ரப்பர் விலை விழ விழ கம்பெனிகள் இதுக்கு மாறிச்சு, ஊத்து வத்திப் போகுதுன்னு சுத்துப்பட்டு ஊர் ஜனங்கள் எதிர்ப்பு. 2021 ஏப்ரல்ல ஜனாதிபதி ஒரேயடியா தடை போட்டார், பாம் எண்ணெய் இறக்கவும் கூடாது, புதுசா நடவும் கூடாது, இருக்கறத வருஷத்துக்கு பத்துல ஒண்ணு பிடுங்கணும்னு. கேக்க சந்தோஷமாத்தான் இருந்தது. ஆனா சமையலுக்கு எண்ணெய் வேணுமே, தேங்காய் எண்ணெய்தான் வழி, ஒரு ஹெக்டேர் தென்னையில இருந்து வர்ற எண்ணெய் முள்ளுத்தேங்காயோட ஒப்பிட்டா ரொம்பக் குறைவு, அத்தனை தென்னைக்கு நிலத்துக்கு எங்க போறது?

அதே மாசம் ரசாயன உரத்துக்கும் தடைன்னு அறிவிச்சாங்க. அரிசியில தன்னிறைவா இருந்த நாடு வெளியில இருந்து அரிசி இறக்கற நிலைக்கு வந்தது, தேயிலைக் கொழுந்து குறைஞ்சு எங்க ஆக்களுக்கு நாள் வேலையே குறைஞ்சு போச்சு. நவம்பர்ல தடைய எடுத்தாங்க, அதுக்குள்ள ஒரு போகம் போச்சு. விளைச்சல் கூடினா காடு போகும்னு மேல எழுதியிருக்கீங்க, சரி, ஆனா விளைச்சல் விழுந்தா சாப்பாடு போகும், அதை அனுபவிச்சவன் நான். அதனால விதையையும் உரத்தையும் குற்றவாளி ஆக்காதீங்க. பொருளியல் அண்ணன் சொன்ன காவல், அதுதான் எங்களுக்கும் இல்லாம போனது.

பேராக்_தோட்டத்து_மகன்

சிவா அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. இங்க எங்க தோட்டத்துல அப்பா அறுத்த குலையிலதான் நான் படிச்சேன், அதை மறக்க மாட்டேன். இப்ப ஐரோப்பாவுல சட்டம் கொண்டு வந்திருக்காங்க, 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் காடு வெட்டின நிலத்து பாமாயில், சோயா, காப்பி, கொக்கோ, ரப்பர், மாடு, மரம் எதையும் உள்ள விட மாட்டோம்னு, ஒவ்வொரு நிலத்துக்கும் வரைபடப் புள்ளி காட்டணும். நடைமுறைக்கு வர்றது தள்ளித் தள்ளிப் போகுது. பெரிய கம்பெனி சமாளிச்சுக்கும், ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர் வெச்சிருக்கற சின்ன ஆளுங்க யார் கிட்ட போயி புள்ளி போடறதுன்னு முழிக்கறாங்க. அவங்களுக்கு உதவி செய்யாம சட்டம் மட்டும் போட்டா, அவங்க குலை காடு வெட்டினவன் குலையோட சேர்ந்து வேற நாட்டுக்குப் போயிடும்.

கொள்ளிடக்கரை அண்ணன், ஒண்ணு மட்டும் விசாரிச்சுக்குங்க, உங்க வயலுக்கும் மில்லுக்கும் எவ்வளவு தூரம்? குலை அறுத்த அன்னைக்கே லாரி வருமா? மழை நாள்ல வருமா? அதை எழுத்துல வாங்குங்க.

கொள்ளிடக்கரை

அண்ணே நேத்தே விசாரிச்சேன். மில்லு கிட்ட இல்ல, வண்டி ரெண்டு மூணு ஊர் குலைய சேத்து ஏத்திட்டுத்தான் போகுமாம், வாரத்துக்கு எத்தனை நடைன்னு கேட்டதுக்கு தெளிவா பதில் வரல. போர்ல இந்தக் கோடையில தண்ணி எறங்கினத அளந்து வெச்சிருக்கேன், பொருளியல் சார் சொன்ன கணக்குக்கு நாலு ஏக்கருக்கும் பத்தாது. அதனால மொதல்ல ஒரு ஏக்கர், சொட்டு நீர் போட்டு, நடுவுல வாழை ஊடுபயிர் வெச்சுப் பாக்கலாம்னு இருக்கேன், வண்டிக்கு எழுத்துல உறுதி குடுத்தாத்தான் அதுவும்.

பொண்ணு சார்ட்ட மாத்தல. ஓராங்குட்டான் படம் அப்படியே இருக்கு. பக்கத்துல கினாபாத்தாங்கான் ஆறு வரைஞ்சு ரெண்டு கரையிலயும் மரம் போட்டிருக்கா, அந்த வண்டு எவ்வளவு பெருசு இருக்கும்னு பேராக் மாமாகிட்ட கேக்கச் சொன்னா.

பேராக்_தோட்டத்து_மகன்

எறும்பு அளவுதான் இருக்கும்னு சொல்லுங்க, கறுப்பா, மூக்கு நீளமா. ஆண் பூவ தட்டினா நூத்துக்கணக்குல பறக்கும். நாளைக்கு தோட்டத்துப் பக்கம் போறேன், படம் எடுத்துப் போடறேன்.